ஒரே குளிசைக்குள் இரண்டு மூன்று பிரஷர் மருந்து: பழையதையும் சேர்த்துப் போடலாமா?

2025 ஜனவரி 11

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது:

"வாப்பாவுக்குப் பிரஷர். இவ்வளவு காலமும் கிளினிக்கில் லொசார்டன் 50 காலையும் இரவும் ஒவ்வொன்று, அம்லோடிபின் 5 ஒன்று. போன கிழமை பிரைவேட்டாக வேறொரு டொக்டரிடம் காட்டினோம். இரண்டு மருந்து சேர்ந்த ஒரு குளிசை எழுதித் தந்தார். கிளினிக் மருந்து இன்னும் ஒரு மாதத்துக்குக் கிடக்கு. வாப்பா எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறார். கூடப் போட்டால் கெதியாக இறங்கும்தானே என்கிறார். பரவாயில்லையா அக்கா?"

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது தம்பி. புதிய குளிசையின் காட்டை, அதாவது குளிசைகள் பதித்திருக்கும் அட்டையை, திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பனிப் பெயர் இருக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்துகளின் உண்மைப் பெயர் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். நான் டொக்டர் இல்லை, கல்முனைப் பக்கம் ஒரு பாமசியில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன், வீட்டில் அம்மாவும் பிரஷர்காரி. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று சொல்ல வேண்டியவர் டொக்டர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லித் தரலாம்.

அதே நாள் இரவு

படம் பார்த்தேன். லொசார்டன் 50, ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5. அப்படியென்றால் வாப்பாவின் உடம்புக்குள் இப்போது ஒரு நாளைக்கு லொசார்டன் 150 போகிறது. பிரஷருக்கு அதன் வழக்கமான உச்ச அளவே 100 மில்லிகிராம். அதற்கு மேல் போட்டால் பிரஷர் பெரிதாக இறங்கப் போவதில்லை. பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்குச் சுமை, எழும்பும்போது தலைசுற்று. நாளைக் காலையில் அந்த டொக்டருக்கு அழைத்து இப்படியே கேளுங்கள்: "கிளினிக்கில் லொசார்டன் இரண்டு நேரமும் அம்லோடிபினும் போடுகிறார். நீங்கள் தந்தது அதற்குப் பதிலாகவா, அதோடு சேர்த்தா?" எல்லாவற்றையும் நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென்று வெறுமையாக விட்டால் பிரஷர் திரும்ப ஏறும்.

கிளினிக் கொப்பியை அவரிடம் காட்டினீர்களா என்று கேட்க மாட்டேன். இங்கே பெரும்பாலான ஆட்கள் காட்டுவதில்லை. அரசாங்கக் கிளினிக்குக்குப் போவதைச் சொன்னால் பிரைவேட் டொக்டர் கோபிப்பார் என்று ஒரு பயம். அவருக்கும் மற்ற மருந்துகள் தெரிய வேண்டும்தானே. கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் விரித்து வையுங்கள்.

ஜனவரி 12

காட்டின் பெயரைப் பார் என்று சொல்லிவிட்டேன், ஆனால் பலரின் கையில் பெயரே இருக்காது. பாமசியில் பத்துக் குளிசைக் காட்டிலிருந்து நாலை வெட்டிக் கொடுத்தால் பெயர் உள்ள பாதி கடையிலேயே நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தருவார்கள். உறைக்கு மேலே பேனையால் கிறுக்கிய பெயர் வீட்டுக்கு வருவதற்குள் வியர்வையில் அழிந்துபோகும். அம்மா அந்த உறைகளை ஒரு பிஸ்கற் டின்னுக்குள் போட்டு வைப்பார். ஒருமுறை அதைக் கொட்டிப் பார்த்தேன். வெள்ளையாய், வட்டமாய், ஒரே அளவில் மூன்று விதமான குளிசைகள். ஒன்று பிரஷருக்கு, ஒன்று கொலஸ்ட்ரோலுக்கு, ஒன்று சீனி வருத்தத்துக்கு. கண்ணாடி போடாத ஆள் எப்படிப் பிரித்து எடுப்பது?

வெட்டிக் கொடுக்கும்போது உண்மைப் பெயரையும் மில்லிகிராமையும் உறையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவோம், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த நாட்டில் மருந்தை அதன் பொதுப்பெயரால் வாங்கி வழங்க வேண்டும் என்பதற்காகப் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர். ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் நம்முடைய ஆட்கள் "அந்தச் சிவப்புப் பெட்டிக் குளிசை" என்றுதான் கேட்டு வருகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தம்.

கம்பனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். எச் என்று இருந்தால் அநேகமாக ஹைட்ரோகுளோரோதயசைட், அதாவது சலம் போகச் செய்யும் மருந்து. ஏஎம் என்று இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின். ஆனால் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆகவே சின்ன எழுத்தைப் பாராமல் விடக்கூடாது.

ஜனவரி 14

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரு வரி. அக்கரைப்பற்றுத் தம்பி பதில் போட்டிருக்கிறார்: டொக்டர் கிளினிக் லொசார்டனை நிறுத்தச் சொல்லிவிட்டார், அம்லோடிபினைத் தொடரச் சொன்னார், இரண்டு கிழமையில் இரத்தம் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். நல்லது. மிஞ்சிய லொசார்டனைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், டின்னுக்குள் கலந்து கிடக்க விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

ஜனவரி 19

செங்கலடியிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: "வீட்டில் அளந்தால் 130, கிளினிக்கில் 170. ஒவ்வொரு முறையும் மருந்தைக் கூட்டிவிடுகிறார்கள். எது சரி?"

கிளினிக் நாளில் காலைக் குளிசையைப் போட்டீர்களா அக்கா? நான் கேட்டுப் பார்த்ததில் முக்கால்வாசி ஆட்கள் போடுவதில்லை. நம்பர் எடுக்க விடியுமுன்னே பஸ் பிடிக்க வேண்டும், சீனி பார்க்க வெறும் வயிற்றில் போக வேண்டும், ஆகவே குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். மருந்து இல்லாத உடம்பு, பசி, வரிசையில் நின்ற களைப்பு, போன உடனே கையை நீட்டுவது. 170 வராமல் என்ன செய்யும்? அதைப் பார்த்து டொக்டர் அளவைக் கூட்டினால் அந்தக் கூடுதல் மருந்தை நாம் மாதம் முழுக்க ஒழுங்காகப் போடுவோம். பிறகு வீட்டில் தலை சுற்றும்.

வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பிரஷர் குளிசையைப் பச்சைத் தண்ணீரோடு போடலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும் அப்படி இல்லை, அவை சாப்பாட்டோடு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் இங்கே பெரிய குழப்பம். உங்கள் டொக்டரிடமும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது முதுகு சாய்ந்து, கால் நிலத்தில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் கிடக்க வேண்டும். பட்டி வெறும் தோலில் சுற்ற வேண்டும், சட்டைக் கைக்கு மேலே அல்ல. தேத்தண்ணீர் குடித்திருந்தாலோ சுருட்டு பிடித்திருந்தாலோ அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். சலம் முட்டிக்கொண்டு இருந்தாலும் கூடக் காட்டும். வீட்டில் அளந்ததைத் திகதி போட்டு எழுதி, உங்கள் மெஷினையும் ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால் சந்தேகம் தீரும்.

ஜனவரி 27

இன்றைக்கு எழுதுவது கொஞ்சம் கோபத்தோடு.

என் மச்சானுக்குப் படுவான்கரையில் வயல். பெரும்போக அறுவடை நடக்கிறது. காலையில் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் சேர்ந்த குளிசையைப் போட்டுவிட்டு வெயிலில் மெஷினோடு நின்றிருக்கிறார். இரண்டு நாளாக வயிற்றோட்டம். அதோடு இடுப்பு நோ என்று யாரோ கொடுத்த டைக்குளோபெனாக் வேறு. வரம்பில் இருந்து எழும்பும்போது கண் இருண்டு விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 90க்குக் கீழே, கிரியட்டினின் (சிறுநீரகம் பழுதுபட்டால் இரத்தத்தில் கூடுவது) ஏறியிருந்தது. சேலைன் ஏற்றினார்கள். இப்போது பரவாயில்லை, கிரியட்டினினும் இறங்கி வருகிறது.

நடந்தது என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள். டெல்மிசார்டன், லொசார்டன், எனாலப்ரில் போன்றவை சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அமுக்கத்தைக் குறைக்கும். அதே குளிசைக்குள் இருந்த ஹைட்ரோகுளோரோதயசைட் உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றும். உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கும் வரைக்கும் இரண்டும் நல்லவை. வயிற்றோட்டத்தில் நீர் வற்றிய பிறகு சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமே குறைகிறது. அந்த இரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற உடம்பு சுரக்கும் ஒரு பொருளை டைக்குளோபெனாக், இபுபுரோபென் மாதிரியான நோ மருந்துகள் தடுத்துவிடும். மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடிபடலாம்.

நம்முடைய பக்கத்தில் நோவுக் குளிசை மிட்டாய் மாதிரி விற்கிறது. வலை இழுத்தால் ஒன்று, அறுவடை முடிந்தால் ஒன்று, தலை கனத்தால் ஒன்று. பெயரில்லாமல் நாலைந்தை ஒரு பக்கெட்டில் கட்டிக் கொடுப்பதும் நடக்கிறது. பிரஷர்காரர்கள், அதிலும் கூட்டுக் குளிசை போடுகிறவர்கள், அந்தப் பக்கெட்டைத் தொடவே வேண்டாம். காய்ச்சல், நோவுக்குச் சரியான அளவில் பரசிட்டமோல் போதும். அதிலும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

பெப்ரவரி 2

மேலே உள்ளதை வாசித்துவிட்டு இருவர், "அப்போ வயிற்றோட்டம் வந்தால் எல்லாப் பிரஷர் குளிசையையும் நிறுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அல்ல. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் என்று தண்ணீர் உள்ளே நிற்காத நாட்களில் சார்டன் வகை (லொசார்டன், டெல்மிசார்டன் போன்றவை), எனாலப்ரில் வகை, சலம் போகும் மருந்து ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்று இரண்டு நாளில் திரும்பத் தொடங்கச் சொல்வது டொக்டர்மாரின் வழக்கம். அம்லோடிபின் சிறுநீரகத்தில் அந்த விதமாக வேலை செய்வதில்லை. அட்டெனலோல், பிசோபிரலோல் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. இதயம் பலவீனமானவர்கள் எதையும் சொந்தமாகத் தொடவே கூடாது.

இப்போது கூட்டுக் குளிசையின் சிக்கல் தெரிகிறதா? தனித்தனியாக இருந்தால் டொக்டர் "இதை விடு, அதைப் போடு" என்று போனிலேயே சொல்லலாம். ஒரே குளிசைக்குள் மூன்றும் இருந்தால் ஒன்றை மட்டும் விட முடியாது. அதனால் சுகமாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்: "எனக்கு வயிற்றோட்டம் வந்தால் இந்தக் குளிசையை என்ன செய்வது, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?" பதிலைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வயிறு கலங்கும்போது தேடினால் கிடைக்காது.

பெப்ரவரி 15

களுதாவளைப் பெரியம்மாவின் கதையை எழுத வேண்டும் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெலிந்த உடம்பு, எழுபது கடந்தவர். வெற்றிலைத் தோட்டத்துக்கு விடிய முன்னம் போய்விடுகிற மனிசி. சலம் போகும் மருந்து சேர்ந்த புதிய குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் சோர்ந்து போனார். சாப்பாடு வேண்டாம் என்றார். பிறகு ஒரு காலையில் என் அண்ணனைப் பார்த்து "நீ ஆர் மகன்?" என்று கேட்டார். வீட்டில் ஒருவர் வயதுக்கு வந்த மறதி என்றார், ஒருவர் பார்வை பார்க்க ஆள் கூட்டிவரப் போனார். அண்ணன்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். சோடியம் 118. சாதாரணமாக 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டியது. மருந்தை நிறுத்தி, மெதுமெதுவாகச் சோடியத்தைச் சரியாக்கினார்கள். திரும்பி வந்து அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது வீட்டில் எல்லாரும் அழுதோம்.

ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தலிடோன், இண்டபமைட் மூன்றுமே இப்படிச் செய்யலாம். மெலிந்த, வயதான பெண்களுக்கு ஆபத்து கூட. பொட்டாசியத்தையும் குறைக்கும், யூரிக் அமிலத்தை ஏற்றி மூட்டு வீங்கச் செய்யும். மறுபுறம் சார்டன் வகை பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் ஒரு குளிசையில் வரும்போது ஓரளவு சமப்படும், அதுவும் ஒரு நன்மை. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது. தொடங்கியோ அளவு மாற்றியோ ஒன்று இரண்டு கிழமையில் கிரியட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றும் பார்க்க வேண்டும். டொக்டர் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இன்னொன்று: செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். வெயிலுக்குச் சும்மா இரண்டு மூன்று குடிப்பது மற்றவர்களுக்குப் பரவாயில்லை, சார்டன் போடும் சிறுநீரக நோயாளிக்கு அப்படி இல்லை. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதும் பொட்டாசியம் குளோரைட் கலந்ததுதான். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பது அதைவிட நல்ல வழி.

பெப்ரவரி 24

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: "நோன்பு வருகிறது. ஒவ்வொரு நோன்பிலும் உம்மா சஹரில் (விடியுமுன் சாப்பிடும் நேரத்தில்) குளிசை போட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தாகம் என்று சோர்ந்து கிடக்கிறா."

சலம் போகும் மருந்து உள்ள குளிசையைச் சஹரில் போட்டால் பகலில் நீர் வெளியேறும், குடிக்க முடியாது. நாளுக்கு ஒரு தடவை போடும் குளிசையானால் நோன்பு திறந்த பிறகு போடும்படி பல டொக்டர்மார் மாற்றிக் கொடுப்பார்கள். காலை, இரவு என்று இரண்டு நேரம் போடுபவர்களுக்கு ஒரு நேரக் குளிசையாக மாற்றவும் இடமுண்டு. கூட்டுக் குளிசை உதவுகிற இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நோன்பு தொடங்குவதற்கு முன்பே போய்க் கேட்க வேண்டும், நேரத்தை உம்மாவாக மாற்றக் கூடாது. தலைசுற்றி விழுகிற நிலை வந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். பொரித்த சாமான்களிலும் கஞ்சியிலும் உப்பைப் பாருங்கள்.

மார்ச் 9

"இந்தக் கூட்டுக் குளிசை எல்லாம் கம்பனிக்காரன் காசு பார்க்கச் செய்த வேலை. தனித்தனியாகப் போடுவதே பாதுகாப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் இதுவரை ஆபத்துகளையே எழுதியதால் அப்படி ஒரு எண்ணம் வந்திருக்கலாம். அதனால் மற்றப் பக்கத்தை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, இன்னொரு வகை மருந்தைச் சிறிய அளவில் சேர்த்தால் பிரஷர் கூடுதலாக இறங்கும், பக்கவிளைவும் குறைவு. இதை உலகத்துக்குக் காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம்முடைய இலங்கையிலேயே நடந்தது. 700 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் முதல் பகுதியில் 70 வீதமானவர்களுக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது, மற்றப் பகுதியில் 55 வீதம். பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 2018இல் வெளியானது. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனம் இரண்டு மருந்து சேர்ந்த பிரஷர் குளிசைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

பாமசியில் நான் பார்ப்பதும் அதுதான். நாலு குளிசை எழுதினால் காசு இறுகும்போது இரண்டை மட்டும் வாங்கிப் போவார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எது கிடைத்ததோ அதை மட்டும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு குளிசையானால் பாதியை விட்டுவிட வழியில்லை. எனக்குக் கூட்டுக் குளிசையில் விரோதமே இல்லை. உள்ளே இருப்பவற்றின் பெயர் தெரியாமல் போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மார்ச் 10

விட்டுப்போனது: கருத்தரிக்க நினைக்கும் பெண்கள், கர்ப்பிணிகள் சார்டன் வகை, எனாலப்ரில் வகை போடக் கூடாது. பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இளம் வயதில் பிரஷர் குளிசை தொடங்கினால், பிள்ளை பெறும் எண்ணம் இருப்பதை முதல் நாளே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்காகப் போடக்கூடிய வேறு மருந்துகள் உண்டு. நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் உடனே போங்கள்.

ஏப்ரல் 6

மூன்று கேள்விகள் சேர்ந்துவிட்டன.

கால் வீக்கம். அம்லோடிபின் கணுக்காலை வீங்கச் செய்யும், பின்னேரத்தில் செருப்பு அடையாளம் பதியும். சலம் போக்கக் கடையில் தனியாக ஒரு குளிசை வாங்கிப் போடுவது அதற்கு வழி அல்ல. அந்த வீக்கம் அதற்குப் பெரும்பாலும் அடங்காது, உடம்புதான் வற்றும். அளவைக் குறைக்கவோ சார்டனோடு சேர்க்கவோ டொக்டரால் முடியும், சேர்த்தால் வீக்கம் குறைவதுண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு கதை, அன்றைக்கே போங்கள்.

வரட்டு இருமல். எனாலப்ரில் போடுபவர்களுக்கு வரும். பாணி மருந்துக்கு அடங்காது, மருந்தை மாற்றினால் போகும். இருமலுக்கு அதிமதுரம் அவித்துக் குடித்துக்கொண்டே இருப்பது பிரஷர்காரருக்குக் கூடாது: பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது அவசரம், அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

ஏப்ரல் 8

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். வாழைச்சேனை அண்ணன் கேட்டது: பாதியாக உடைத்துப் போடலாமா, ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டு போடலாமா?

இரண்டு போட வேண்டாம். அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் போடுங்கள். உடைப்பதைப் பற்றி: நடுவில் கோடு இல்லாத குளிசையை உடைக்கக் கூடாது. சில கூட்டுக் குளிசைகளில் இரண்டு மருந்தும் இரண்டு அடுக்காக, இரண்டு நிறத்தில் இருக்கும். கத்தியால் கோணலாக வெட்டினால் ஒரு பாதியில் ஒரு மருந்து கூடவும் மற்றப் பாதியில் குறையவும் வரலாம். முழுக் குளிசை உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தால், ஒரு கிழமை வீட்டில் அளந்த பிரஷரை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள் அண்ணன், குறைந்த மில்லிகிராமில் அதே குளிசை இருக்கிறதா என்று டொக்டர் பார்த்துச் சொல்வார்.